கடற்கரை மணலில் மரக்கறித் தோட்டம்: முதல் வருடக்காரருக்கு

ஒரு வாளித் தண்ணீரை வளவின் நடுவில் ஊற்றிவிட்டு, மறுநாள் மத்தியானம் அதே இடத்தைக் கையால் தோண்டிப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு மணல் உதிர் உதிராகத்தான் வரும். இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பக்கம் கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, அதற்குத் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில் என்று கடலோரமாக நீண்டு கிடக்கிற நம் ஊர்களின் நிலம் பெரும்பாலும் இப்படித்தான். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பயிர் செய்கிறவர் சொல்லும் முறையை இங்கே அப்படியே செய்தால் பயிர் நிற்காது. காணொளிகளில் வரும் செம்மண் தோட்டத்து ஆலோசனைகளும் இங்கே எடுபடாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மூன்றாம் மாதம் மண்வெட்டியைச் சாத்திவிட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். அவர்கள் நன்றாகத்தான் உழைத்திருப்பார்கள்.

நான் தொடங்கியது 2022இல், மரக்கறி விலை ஏறிச் சந்தைக்குப் போகவே மனம் வராத நாட்களில். பக்கத்து வளவு பத்துப் பேர்ச். சொந்தக்காரர் வெளிநாட்டில். வளவில் நாலு தென்னை, ஒரு மா, ஒரு பழைய கட்டுக்கிணறு, மிச்சமெல்லாம் நெருஞ்சி முள். முதல் மாதம் நான் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றுவதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த மாமி ஒருவர் சொன்னார்: “மனே, மணலுக்குத் தண்ணி ஊத்தாத. உக்கலுக்கு ஊத்து.” அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. இந்தக் கட்டுரையில் உள்ள பாதி விஷயம் அந்த ஒரு வார்த்தைதான்.

முதலில் வளவைக் கேளுங்கள்

சொந்த வளவு இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நம் ஊர்களில் வெளிநாடு போனவர்களுடைய வெறும் வளவுகள் நிறையக் கிடக்கின்றன. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், காவலுக்கு ஆள் இருப்பது அவர்களுக்கும் நல்லது. ஆனால் தொடங்குவதற்கு முன்பே சில விஷயங்களை வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். தேங்காயும் மாங்காயும் யாருக்கு? கிணற்று மோட்டர் ஓடினால் மின்கட்டணம் யார் கட்டுவது? வேலி புதிதாக அடைத்தால் அந்தச் செலவு என்ன ஆகும்? வளவு திரும்ப வேண்டுமென்றால் எவ்வளவு காலம் முன்னே சொல்வார்கள்? நாங்கள் பேசிக்கொண்டது, நிற்கிற மரங்களின் காய் முழுக்க அவர்களுக்கு, கீழே விளைவது எனக்கு, போகம் முடியுமுன் எழுப்புவதில்லை என்று. இதைத் தொலைபேசியில் எழுத்தாகவும் அனுப்பி வைத்தேன். பிறகு அவர்களுடைய உறவினர் ஒருவர் வந்து கேள்வி கேட்டபோது அந்த நாலு வரி பெரிய உதவியாக இருந்தது.

இன்னொருவர் வளவில் தென்னை, பலா, மா எதையும் புதிதாக வைக்க வேண்டாம். வாழை, பப்பாசி, முருங்கை வரைக்கும் சரி, அதுவும் கேட்டுவிட்டு.

வளவைக் கையேற்ற பிறகு ஒரு நாள் முழுக்க அங்கே நில்லுங்கள். காலையில் வெயில் எங்கே விழுகிறது, பின்னேரம் எந்தத் தென்னையின் நிழல் எதுவரை வருகிறது என்று பாருங்கள். கத்தரி, கொச்சிக்காய், வெண்டி எல்லாம் ஆறு மணித்தியாலமாவது வெயில் பார்க்க வேண்டும். கீரை, வல்லாரை, பொன்னாங்காணி பாதி நிழலைத் தாங்கும். மாரியில் தண்ணீர் எங்கே தேங்கும் என்பதை அயலாரிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். 2011 ஜனவரி வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள், கையால் அளந்து காட்டுவார்கள். அந்தப் பள்ளத்தில் ஐப்பசிக்குப் பிறகு எதையும் நட வேண்டாம்.

விதைக்கு முன் வேலி

மட்டக்களப்பில் தோட்டத்துக்குப் பெரிய எதிரி எது என்று கேட்டால் கட்டாக்காலி மாடு என்றுதான் சொல்வேன். பூச்சி நாலு இலையைத் தின்னும். மாடு ஓரிரவில் நாலு மாத வேலையைத் தின்றுவிட்டுப் போகும். என்னுடைய முதல் பயற்றைப் பந்தல், பூப்பிடித்து இரண்டாம் நாள், அப்படித்தான் போனது. வேலி சரியாகத்தான் இருந்தது. படலையின் கயிற்றைக் கட்டாமல் போனது நான். காலையில் வந்து பார்த்தபோது கொடியெல்லாம் அடியோடு இழுபட்டுக் கிடந்தது. அன்றைக்கு வேறு எந்த வேலையும் எனக்கு ஓடவில்லை.

முள்ளுக்கம்பிக்குக் காசு இல்லாவிட்டால் கதியால் போடுங்கள். கிளிசரிடியாக் கொப்புகளைக் கைத்தடி மொத்தத்தில், ஐந்து அடி நீளத்தில் வெட்டி, மழை தொடங்குகிற நேரம் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் நன்றாகத் துளிர்க்கும். இடையில் கிடுகு அல்லது பழைய வலை கட்டிவிடலாம். மீன்பிடி வலையின் கிழிசல் நம் கடற்கரையில் எங்கும் கிடைக்கும், கோழிக்கும் அதுவே போதும். கிளிசரிடியா வேலியால் இன்னொரு லாபம், வெட்ட வெட்டத் தழை தரும். அந்தத் தழைதான் அடுத்த வேலைக்கு வேண்டும்.

உக்கல்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

மணல் இரண்டு வகையில் கை விரித்தது. தண்ணீரையும் பிடித்து வைக்காது, பசளையையும் பிடித்து வைக்காது. நீங்கள் போடுகிற யூரியா ஒரு பெரிய மழையில் வேரைத் தாண்டிக் கீழே போய், கடைசியில் கிணற்றுத் தண்ணீரில் சேரும். அதே மழைக்குப் பிறகு செடி மஞ்சளாகி நிற்கும். உக்கிய இலை, எரு, தும்புச்சோறு, உமிக்கரி போன்றவைதான் மணலுக்குள் கிடந்து ஈரத்தையும் சத்தையும் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மாமி சொன்னதன் அர்த்தம் இதுதான். உக்கல் இல்லாத மணலில் ஊற்றுகிற தண்ணீரில் பெரும்பகுதி செடிக்குக் கிடைப்பதில்லை.

ஆகவே விதை வாங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கூட்டெருவைத் தொடங்குங்கள். கோடையில் குழி வெட்டி அதற்குள் போடுங்கள், ஈரம் காயாது. மாரியில் குழிக்குள் தண்ணீர் நிற்கும், அப்போது நிலத்துக்கு மேலே குவியலாகக் கட்டி, மழை படாமல் கிடுகால் மூட வேண்டும். அடியில் முறித்த கொப்பு, அதற்கு மேல் ஒரு சாண் காய்ந்த சருகும் வைக்கோலும், பிறகு அரைச் சாண் பச்சைத் தழை, அதன் மேல் கரைத்த மாட்டுச் சாணம், திரும்பவும் சருகு. இப்படி இடுப்பு உயரம் வரை கட்டலாம். நாலைந்து நாளில் உள்ளே கையை விட்டால் சுட வேண்டும். சுடவில்லை என்றால் பச்சை போதாது அல்லது ஈரம் போதாது. மணம் கெட்டால் ஈரம் கூடிவிட்டது, காய்ந்த சருகு சேர்த்துப் பிரட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பிரட்டி வந்தால் மூன்றாம் மாதம் கறுப்பாக, மழை பெய்த நிலத்தின் வாசத்தோடு இருக்கும்.

என்ன போடலாம் என்று பலர் கேட்கிறார்கள். மாட்டெருவும் வைக்கோலும் படுவான்கரையிலிருந்து லாண்ட்மாஸ்டரில் வரும், நாலு வீடு சேர்ந்து ஒரு பெட்டி இறக்கினால் கட்டும். வாவியின் நன்னீர்ப் பக்கத்திலும் குளங்களிலும் அடைந்து கிடக்கிற ஆற்றுவாழையை, அந்த மிதக்கும் நீர்ச்செடியை வெட்டி, இரண்டு நாள் வெயிலில் வாட்டிப் போட்டால் நன்றாக உக்கும். பூத்து விதை வைத்ததை மட்டும் தவிருங்கள். மீன் கழிவைக் குவியலின் நடுவில் ஆழமாகப் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாயும் பூனையும் கிளறிவிடும். கோழி எரு சூடு கூடியது, உக்காமல் பாத்தியில் போட்டால் நாற்று கருகும். நெல் ஆலையில் கிடைக்கும் உமியைப் பச்சையாகப் போடுவதைவிடக் கருக்கிப் போடுவது நல்லது. வெள்ளைச் சாம்பலாகுமுன் தண்ணீர் தெளித்து அணைத்தால் அதுதான் உமிக்கரி, மணலுக்கு அருமையான சரக்கு. களைநாசினி அடித்த வயலின் வைக்கோலைத் தெரிந்தே வாங்க வேண்டாம்.

இரண்டே இரண்டு பாத்தி

பத்துப் பேர்ச் இருக்கிறது என்று பத்துப் பேர்ச்சையும் கொத்தாதீர்கள். மூன்று அடி அகலம், பத்து அடி நீளத்தில் இரண்டு பாத்தி முதல் வருடத்துக்குப் போதும். இரண்டு பாத்திக்குத் தேவையான உக்கலைத்தான் ஒரு வீட்டால் சேர்க்க முடியும். அகலம் மூன்று அடி என்பது இரண்டு பக்கமும் குந்தியிருந்து நடுவரை கை எட்டுவதற்காக. பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது.

பாத்தியை ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி மணலை ஒரு பக்கம் குவியுங்கள். தேங்காய்ப் பொச்சுமட்டைகளை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க, அடியில் நெருக்கமாக அடுக்குங்கள். ஒவ்வொரு மட்டையும் ஒரு சிறிய தண்ணீர்க் கிண்ணம் மாதிரி நிற்கும். அதற்கு மேல் கிளிசரிடியாத் தழை, கொஞ்சம் வைக்கோல். பிறகு வெட்டிய மணலோடு கூட்டெருவைக் கலந்து நிரப்புங்கள். நான் ஒரு பாத்திக்கு மூன்று வாளி உக்கிய எருவும் ஒரு வாளி உமிக்கரியும் போடுகிறேன். நிரப்பி நனைத்துவிட்டு இரண்டு வாரம் சும்மா விடுங்கள். அடியில் போட்ட பச்சைத் தழை உக்கத் தொடங்கும்போது வரும் சூடு அடங்க வேண்டும்.

மாரியில் பாத்தி நிலத்தைவிட அரை அடி உயர்ந்து நிற்க வேண்டும். கோடையில் நேர்மாறு: பாத்தி நாலு விரல் தாழ்ந்து, சுற்றி வரம்பு இருக்க வேண்டும். கோடையில் மேற்கே இருந்து வீசுகிற வறண்ட கச்சான் காற்றில், உயர்த்திக் கட்டிய பாத்தி பக்கங்களாலும் காயும். இதைத் தெரியாமல் வைகாசியில் அழகாக உயர்த்திக் கட்டினேன், ஆனியில் எதுவும் நிற்கவில்லை.

எந்த மாதம் தொடங்குவது

நமக்கு மழை வாடையோடு வரும். ஐப்பசியில் தொடங்கி, கார்த்திகை மார்கழியில் கொட்டி, தை பிறந்த பிறகு ஓயும். புதியவர்களுக்கு நான் சொல்வது, ஆவணி புரட்டாதியில் குப்பை போடுங்கள், கார்த்திகையில் மழை படாத இடத்தில் நாற்றுப் போடுங்கள், தைப் பொங்கலை ஒட்டி நடுங்கள். மண்ணில் ஈரம் இருக்கும், கிணறு நிறைந்திருக்கும், வெயில் கடுமையாக இராது. சித்திரைக்குள் கத்தரியும் கொச்சியும் காய்த்துக் குலுங்கும். தக்காளிக்கும் இதுதான் காலம், கார்த்திகை மழையில் அது அழுகிப் போகும்.

கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு நடக்கிற வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று பிடித்தால், புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். நிற்பதைக் காப்பாற்றுவதே அப்போது வேலை.

கிணறு

நம் கடற்கரைக் கிணற்றில் இருப்பது மழைத்தண்ணீர். மணலுக்குள் இறங்கிய மழை, கீழே இருக்கிற உவர்நீருக்கு மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நீருக்கு ஒரு கணக்கு இருக்கிறது: கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். அதையே திருப்பிப் பாருங்கள். மோட்டரைப் போட்டு மேலே ஓர் அடியை இறைத்துவிட்டால் கீழேயிருந்து உவர் மேலே வரப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துத் துப்புரவு செய்தார்கள். பல இடங்களில் அந்த இறைப்பே உவரை இழுத்தது. கடைசியில் கிணறுகளைக் கழுவியது அடுத்தடுத்து வந்த மாரி மழை.

ஆகவே தோட்டத்துக்கு வாளியும் பூவாளியும் போதுமானால் அதையே பாவியுங்கள். மோட்டர்தான் என்றால் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து அள்ளுங்கள். ஆடி ஆவணியில் கிணற்றுத் தண்ணீரை வாரம் ஒரு தடவை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிப்பு வந்தாலும், இலையின் ஓரம் தீய்ந்ததுபோலக் கபில நிறமானாலும், இலை மேல் தெளிப்பதை நிறுத்திவிட்டு அடியில் மட்டும் ஊற்ற வேண்டும்.

எப்போது, எவ்வளவு? களிமண்காரர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை நன்றாக விடுவார். மணலில் காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று பிரித்து ஊற்ற வேண்டும். ஒரேயடியாக நாலு வாளி ஊற்றினால் மூன்று வாளி வேரைத் தாண்டிப் போகும். சரி, போதுமா என்று எப்படித் தெரிவது? ஊற்றி அரை மணித்தியாலம் கழித்து விரலை முழுக்க உள்ளே விடுங்கள், நுனியில் மணல் ஒட்ட வேண்டும். பாத்திக்கு மேல் மூன்று விரல் மொத்தத்துக்கு வைக்கோலோ சருகோ போட்டு மூடினால் இந்த வேலை பாதியாகும். வைக்கோலைத் தண்டில் முட்டவிடாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மூடாத பாத்தியையும் மூடிய பாத்தியையும் ஒரு மத்தியானம் கையால் தொட்டுப் பார்த்தவர் பிறகு மூடாமல் விடமாட்டார்.

ஊருக்குப் போவதானால் தண்ணீர் ஊற்ற ஆள் ஒழுங்கு செய்யாமல் போகாதீர்கள். கச்சான் காற்றில் இரண்டு நாள் தவறினால் ஒரு மாத நாற்று போகும். நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்து இருபது கொச்சிக் கன்றுகளை இழந்தேன்.

எதை முதலில் நடுவது

கீரையில் தொடங்குங்கள். இருபத்தைந்து நாளில் கறிக்கு வரும், அந்த முதல் பிடி கீரை தருகிற தைரியம் அடுத்த பயிருக்குக் கைகொடுக்கும். விதை மிகச் சின்னது, நாலு பங்கு உலர்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லியதாக எரு தூவி, பூவாளியால் மெதுவாக நனையுங்கள். எறும்பு விதையைத் தூக்கும். பாத்தியிலிருந்து இரண்டு அடி தள்ளிக் கொஞ்சம் அரிசிமாவு தூவிவிட்டால் அது அந்தப் பக்கம் போய்விடும், அதற்குள் விதை முளைத்துவிடும்.

அடுத்தது வெண்டி. இரவு ஊறப்போட்டுக் காலையில் குழிக்கு இரண்டு விதை. மூன்று அடிக்கு இரண்டு அடி இடைவெளி வேண்டும், நெருக்கினால் உயரும், காய்க்காது. இரண்டு வாரத்தில் மெலிந்ததைப் பிடுங்காமல் நகத்தால் கிள்ளிவிடுங்கள், பிடுங்கினால் மற்றதன் வேரும் ஆடும். ஐம்பது நாளுக்குள் முதல் பிஞ்சு. ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், முற்றவிட்டால் செடி அடுத்த காய்க்கு அவசரப்படாது. பயற்றையும் ஏறக்குறைய இதே காலம், மூன்றாம் வாரம் கொடி ஏறக் கம்பு வேண்டும்.

கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் நாற்றுமேடை தேவை. மேடையின் மேல் வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பி, கொளுத்தி, ஆறியபின் விதைப்பது பழைய வழக்கம். மண்ணில் இருக்கிற நோய்க்கிருமிகளும் களை விதைகளும் சாகும். நாலு வாரத்தில் நடலாம், பின்னேரத்தில்தான் நட வேண்டும். மூன்று நாளுக்கு வாழைமடல் துண்டை வளைத்து ஒவ்வொரு கன்றுக்கும் நிழல் வைத்தால் ஒன்றும் வாடாது. கத்தரியில் தின்னவேலி ஊதா இனம் எனக்கு நன்றாக வந்தது. விதைக்கும் ஆலோசனைக்கும் உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நோய் பிடித்த இலையையும் கையோடு கொண்டுபோகலாம்.

முருங்கை, பசளி, வற்றாளை, மரவள்ளி ஆகியவை நம் மணலோடு பழகியவை. வேலியோரமாக நட்டால் போதும், அதிகம் கேட்காது. உள்ளூர் மணல் மண்ணில் கச்சானும் (நிலக்கடலை) நன்றாக விழும்.

நாள்தோறும் பார்க்க வேண்டியது

காலையில் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு செடியின் இலையையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பூச்சி பெருகிய பிறகு மருந்து தேடுவதைவிட இது எவ்வளவோ இலகு.

கொச்சிக்காய் இலை மேல்பக்கமாகச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்து சுருண்டால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் தொடக்கத்தில் வேப்பங்கொட்டைக் கரைசல் உதவும். தோல் நீக்கிய வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் வேகம் போய்விடும். வேப்பம் பழம் விழுகிற காலத்தில் பொறுக்கிக் காயவைத்து எடுத்து வையுங்கள். வெண்டியில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாக வலைபோலத் தெரிந்தால் அது வைரசு, எந்த மருந்தும் கேட்காது. அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். மனம் வராது, ஆனால் விட்டால் வெண்ஈ மற்ற எல்லாவற்றுக்கும் கொண்டுபோகும்.

கத்தரியின் நுனிக்குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓரங்குலம் கீழே வெட்டி அழியுங்கள், அது காய்க்குள் போவதற்கு முன். பாகலுக்கும் புடோலுக்கும் பிஞ்சு விரல் நீளம் வந்தவுடன் பத்திரிகைத் தாளைக் குழல்போலச் சுற்றிவிடுங்கள், பழ ஈ முட்டையிடாது. விழுந்த அழுகல் காயை ஒருபோதும் அப்படியே விடாதீர்கள்.

நல்ல ஈரம் இருந்தும் வெண்டியோ தக்காளியோ மத்தியானங்களில் சோர்ந்தால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் வட்டப்புழு. மணல் நிலத்தில் இது அதிகம். அந்தப் பாத்தியில் அடுத்த தடவை கத்தரி, தக்காளி, வெண்டி மூன்றும் வேண்டாம், கச்சான் போடுங்கள். ஆடி வெயிலில் பாத்தியைக் கொத்திப் பிரட்டி இரண்டு மூன்று வாரம் காயவிட்டால் நிறையக் குறையும்.

பசளை வாங்கிப் போடுகிறவர்கள், ஒரு தடவையில் போடும் அளவை மூன்றாகப் பிரித்து, பத்துப் பத்து நாள் இடைவெளியில், ஈரமான மண்ணில் போடுங்கள். மழை கறுத்து வரும் நாளில் போட வேண்டாம்.

விளைந்த பிறகு

இதை யாரும் சொல்லித்தரவில்லை. எல்லாச் செடியும் ஒரே வாரத்தில் காய்க்கும். நாலு நாள் தொடர்ந்து கத்தரிக்காய் சமைத்தால் வீட்டில் முகம் மாறும். அதனால் கீரையையும் பயற்றையையும் ஒரே நாளில் விதைக்காமல் இரண்டு வார இடைவெளியில் அரைப் பாத்தி அரைப் பாத்தியாக விதையுங்கள். மிஞ்சுவதை வேலிக்கு அந்தப் பக்கம் கொடுங்கள். என்னுடைய முதல் கத்தரிக்காய்களில் ஐந்தை மாமிக்குக் கொடுத்தேன். மறுநாள் ஒரு பொட்டலம் நாட்டுப் பாகல் விதையும், பழைய பானை ஒன்றும் வந்தது. பானையின் அடியில் சின்னத் துளையிட்டு, துணித்திரி செருகி, கழுத்துவரை புதைத்து நிரப்பிவிட்டால் சுற்றியிருக்கிற நாலு செடிக்கு ஈரம் கசிந்துகொண்டிருக்கும் என்று காட்டித் தந்தார். இப்போது என் கோடைப் பாத்தியில் அப்படி ஆறு பானை இருக்கிறது.

நஷ்டமான வருடமும் வரும். ஒரு மார்கழியில் மூன்று நாள் விடாமல் பெய்து, தரைநீர் பாத்தி விளிம்புவரை எழும்பி, தக்காளி முழுக்க வேரழுகிச் செத்தது. அந்த வாரம் நான் வளவுப் பக்கமே போகவில்லை. பிறகு போய்ப் பார்த்தபோது வல்லாரையும் பொன்னாங்காணியும் அந்தத் தண்ணீரில் தழைத்து நின்றன. அன்றிலிருந்து பள்ளமான மூலை முழுக்க அவற்றுக்குத்தான்.

மழைக்கு முன்

புரட்டாதி முடிவதற்குள் செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. நன்றாகக் காய்த்த செடி ஒன்றில் இரண்டு வெண்டியையும், ஒரு பிடி பயற்றையையும் கொடியிலேயே முற்றிக் காயவிட்டு விதைக்கு எடுங்கள். நோய் இல்லாத செடியாக இருக்க வேண்டும், கடைசியில் மிஞ்சிய சூம்பல் காயை விதைக்கு விடக் கூடாது. சாம்பலில் புரட்டிப் போத்தலில் அடைத்து, பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். பழைய செடிகளைப் பிடுங்கி, நோய் பட்டதை எரித்து, மற்றதைக் குவியலில் சேருங்கள். தாழ்ந்த பாத்திகளுக்கு எரு கலந்த மணலைச் சேர்த்து அரை அடி உயர்த்துங்கள், தண்ணீர் வடிய இடையில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். மேலே வைக்கோலைக் கனமாகப் போட்டு மூடுங்கள், கொட்டுகிற மழை உக்கலைக் கழுவிக்கொண்டு போகாமல் இருக்கும். கிளிசரிடியா வேலியைக் கழுத்துயரத்துக்கு வெட்டி, தழையைப் புதுக் குவியலின் அடியில் போடுங்கள். வெட்டிய கொப்புகளில் நேரானவற்றை எடுத்து வையுங்கள், முதல் மழை விழுந்தவுடன் வேலியின் இடைவெளிகளில் ஊன்ற வேண்டும்.